முடியத் தெரிந்த போர்கள்

தமிழில் வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, "பிள்ளைங்க கெட்டுப்போகுதுங்க" என்கிற குரல். இன்னொன்று, "அது ஒரு காலம் ப்ரோ" என்று பிரவுசிங் சென்டர் நாட்களை எண்ணிப் பெருமூச்சு விடுகிற குரல். முதலாமவருக்குக் கேம் என்றால் பப்ஜி. இரண்டாமவருக்கு ஐஜிஐ. முதலாமவர் விளையாடிப் பார்த்ததில்லை. இரண்டாமவர் மறுபடி விளையாடிப் பார்த்ததில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கலைவடிவம் பிறந்து, வளர்ந்து, பாதி செத்தும் போய்விட்டது. நம் இலக்கிய இதழ்களில் அதற்கு ஒரு அஞ்சலிக் குறிப்புகூட வரவில்லை.

நான் சொல்வது சிங்கிள் பிளேயர் போர் கேம்களை. துப்பாக்கிக்குப் பின்னால் உங்கள் கண். உங்களோடு ஒரு சிறு படை. எட்டுப் பத்து மணி நேரம் நீளும் ஒரு கதை. அது ஆரம்பிக்கும், நடக்கும், முடியும். முடிந்ததும் உங்களை வெளியே அனுப்பிவிடும். ஏறக்குறைய 1999 முதல் 2012 வரை இவற்றில் சில நல்ல படைப்புகள் வந்தன. அவற்றை இன்று உட்கார்ந்து விளையாடவேண்டும் என்பதுதான் என் கட்சி. பழைய நினைவுக்காக அல்ல. அவற்றை அப்போது தவறவிட்ட, கேமே விளையாடாத, ஆனால் போர் நாவல்களை விழுந்து விழுந்து படிக்கிற ஆட்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இன்றைய நிலைமையைப் பார்ப்போம். கால் ஆஃப் டியூட்டி வரிசையில் 'வார்ஸோன்' என்ற இலவச கேம் 2020 மார்ச்சில் வந்தது. ஊரடங்கு நேரம். உலகமே அதற்குள் குடிபோனது. 2023 செப்டம்பரில் அதன் சர்வரை அணைத்துவிட்டார்கள். அதற்குள் அதே பெயரில் அடுத்தது வந்துவிட்டது, ஆனால் கோடிக்கணக்கான மனித மணிநேரங்களை விழுங்கிய அந்தப் பழைய வார்ஸோனை இன்று யார் நினைத்தாலும் சட்டப்படி விளையாட முடியாது. மூன்றரை வருடம், அவ்வளவுதான் ஆயுள். ஒரு நாவல் வெளிவந்த மூன்றரை வருடத்தில் எல்லார் வீட்டு அலமாரியிலிருந்தும் ஒரே ராத்திரியில் ஆவியாகிப் போனால் நாம் என்ன சொல்வோம்? கேம் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

அணைத்ததுகூடப் பரவாயில்லை. உள்ளே என்ன இருந்தது? ராணுவ உடை, ராணுவத் துப்பாக்கி, ராணுவ ரேடியோ பேச்சு. நடுவில் ராப் பாடகர் ஸ்னூப் டாக் கையில் துப்பாக்கியோடு ஓடி வருகிறார், காசு கொடுத்தால் நீங்களே அவராக ஆகலாம். அடுத்து வந்த பதிப்பில் மெஸ்ஸி, நிக்கி மினாஜ். போர் என்கிற பெயரில் ஒரு ஜவுளிக்கடை. தீபாவளி சீசன் ஆனால் வருடம் முழுக்க. இதே வரிசையில் 2018-இல் வந்த 'பிளாக் ஆப்ஸ் 4'-இல் கதைப் பகுதியையே மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். முழு விலைக்கு விற்றார்கள். விற்கவும் செய்தது. நிறுவனத்துக்கு அன்றைக்கே ஒரு விஷயம் புரிந்திருக்கும்: முடிகிற கதை நஷ்டக் கணக்கு.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார். "மல்ட்டிபிளேயர் ஒரு விளையாட்டு சார், கபடி மாதிரி. கபடிக்குக் கதை எதுக்கு?" நியாயம். கவுண்டர் ஸ்ட்ரைக்மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஹாஸ்டல் லேன் கேபிளில் நாலு வருடம் விளையாடியிருக்கிறேன். அது தன்னைப் போர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. ஐந்துக்கு ஐந்து, ஒரு குண்டு வைக்கவேண்டும், ஒரு குண்டு எடுக்கவேண்டும். சுத்தமான விளையாட்டு. என் சண்டை போரின் முகத்தை மாட்டிக்கொண்டு, போரைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் சரக்கோடு. கூடவே, அதுதான் இயல்பான வளர்ச்சி, பழையதெல்லாம் கிராஃபிக்ஸ் போதாத குழந்தைப்பருவம் என்று நம்புகிற மனநிலையோடும்.

கிராஃபிக்ஸை வைத்துப் பழைய கேம்களை அளப்பது, அச்சுத்தரத்தை வைத்துப் பழைய நாவலை அளப்பது மாதிரி. நினைவேக்கத்தை வைத்து அளப்பது அதைவிட மோசம். யூட்யூபில் 'சாகும் முன் விளையாட வேண்டிய பத்து' வகையறாப் பட்டியல்கள் இந்த இரண்டையும் கலந்து அடிக்கிற சாம்பார். எனக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது. தொழில் முறையில் நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு மென்பொருளைப் புரிந்துகொள்ள அது என்ன செய்யும் என்று பார்ப்பதைவிட, எதைச் செய்ய விடாது என்று பார்ப்பது சீக்கிரம் வேலைக்கு ஆகும். போர் கேமுக்கும் அதே கேள்விதான். அது உங்களை எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது? எங்கே உங்களைச் சின்னவராக்குகிறது?

இந்தக் கேள்வியோடு போனால் முதலில் நிற்கவேண்டிய இடம் ப்ராக். 2001-இல் பொஹீமியா இன்டராக்டிவ் என்ற செக் நிறுவனம் 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்' என்ற கேமை வெளியிட்டது. ஸ்பானல் சகோதரர்கள் என்ற இருவர் முன்னின்று செய்தது. 1985, கற்பனைத் தீவுகள், ஒரு சோவியத் தளபதி தன்னிச்சையாக ஆரம்பிக்கிற போர். நீங்கள் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கடைநிலைச் சிப்பாய். லாரியில் ஏறு என்றால் ஏறவேண்டும், இறங்கு என்றால் இறங்கவேண்டும். எதிரி பெரும்பாலும் தூரத்தில் நாலு புள்ளிகள். எங்கிருந்து சுட்டார்கள் என்று தெரிவதற்குள் செத்துக் கிடப்பீர்கள். ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ். அதை எப்போது செலவழிப்பது என்பதே வயிற்றைக் கலக்கும் முடிவு.

மோன்டின்யாக் என்ற ஊரை உங்கள் படை தாக்குகிறது. தாக்குதல் தோற்கிறது. அடுத்த மிஷனில் நீங்கள் தனி. காடு. பின்னால் தேடி வருகிற ரோந்துப் படை. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. சுட்டால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்பதால் சுடுவதே புத்திசாலித்தனம் இல்லை. சுடும் கேமில் சுடாமல் புதருக்குள் குப்புறக் கிடந்து, காலடிச் சத்தம் போகக் காத்திருக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அதற்கு இணையான ஒன்றை நான் திரையில் பார்த்ததில்லை. திரைப்படத்தில் ஒருவன் ஒளிந்திருப்பதைப் பார்ப்போம். இங்கே ஒளிந்திருப்பது நம் கை.

இது தற்செயலாக வந்தது இல்லை என்று நினைக்கிறேன். 1968-இல் சோவியத் டாங்கிகள் தெருவில் வந்து நின்ற ஊர் அது. 2002-இல் அந்தக் கேமுக்கு வந்த 'ரெசிஸ்டன்ஸ்' என்ற தொடர்ச்சியில் ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு தீவில் நீங்கள் கெரில்லா. ஒரு மிஷனில் எதிரியிடமிருந்து பொறுக்கிய துப்பாக்கிதான் அடுத்த மிஷனில் உங்களுக்கு இருக்கும். பொறுக்காமல் வந்தால் இல்லை. ஆயுதத்துக்கு அலைவது என்றால் என்ன என்று வசனம் பேசாமல் சொல்லிவிடுகிறது. அமெரிக்க கேம்களில் துப்பாக்கி எப்போதும் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும்.

சரி, ஐஜிஐ? கேட்பீர்கள் என்று தெரியும். தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களுக்கு அது குலதெய்வம். நார்வேயில் இன்னர்லூப் என்ற சிறு நிறுவனம் செய்து 2000-இன் இறுதியில் வெளிவந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பின்னால் நாலு பேர் நின்று "டேய் கேமராவ சுடுறா" என்று கத்த விளையாடினோம். அதிலும் மிஷன் நடுவில் சேவ் கிடையாது. பரந்த நிலமும், தனியாக ஒருவன் போகிறான் என்கிற பயமும் உண்மையானவை. ஆனால் என் அளவுகோலில் அது தேறாது. எதிரிகள் பக்கத்தில் ஆள் செத்தாலும் அசையாமல் நிற்கும் மரக்கட்டைகள். தடுக்கிற விதிகளுக்குப் பின்னால் ஒரு பார்வை இல்லை. முதல் இரண்டு மிஷன் போதும். அடிக்க வராதீர்கள்.

என்னைக் கேட்டால் இந்த மொத்த வகையிலும் ஒன்றே ஒன்றைத்தான் விளையாட நேரம் இருக்கிறது என்பவர் 2005-இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: ரோடு டு ஹில் 30'-ஐ விளையாடவேண்டும். அமெரிக்காவில் டெக்சஸைச் சேர்ந்த கியர்பாக்ஸ் செய்தது. 1944 ஜூன் 6 முதல் 13 வரை, நார்மண்டி, எட்டு நாள். 101-ஆவது வான்வழிப் படையின் 502-ஆவது ரெஜிமெண்ட். நீங்கள் மேட் பேக்கர் என்ற சார்ஜெண்ட். தலைவனாக ஆசைப்படாதவன், தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பிரிவின் போர்க்கள அறிக்கைகள், வான்படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிலத்தை உருவாக்கினார்கள். ஜான் ஆன்டல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் கூட இருந்தார்.

இந்தக் கேம் செய்த முக்கியமான காரியம், உங்களைக் குறி தவறுகிறவராக ஆக்கியதுதான். துப்பாக்கியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிச் சுட்டாலும் தோட்டா கொஞ்சம் விலகிப்போகும். வெளிவந்தபோது இதைத்தான் எல்லாரும் திட்டினார்கள். "துப்பாக்கி வேலை செய்யல" என்றார்கள். வேலை செய்யக்கூடாது என்பதுதான் விஷயம். எதிரில் சுவருக்குப் பின்னால் இரண்டு ஜெர்மானியர்கள். அவர்கள் தலைக்குமேல் ஒரு சிவப்பு வட்டம். உங்கள் ஆட்களில் ஒரு குழுவைத் தொடர்ந்து சுடச் சொன்னால் அந்த வட்டம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகும். அதாவது அவர்கள் பயந்து தலையைக் குனிந்துவிட்டார்கள். அப்போது இன்னொரு குழுவை வேலியோரம் சுற்றிப் போகச் சொல்லவேண்டும். பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தால் சண்டை முடிந்தது. நீங்கள் சொந்தமாகச் சுட்டு ஜெயிப்பது அபூர்வம். உங்கள் வேலை, பயத்தை எங்கே குவிப்பது என்று முடிவெடுப்பது.

கவனியுங்கள், கொல்வதை அளக்காமல் பயத்தை அளக்கிற ஒரு கேம். எதிரியின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டாது, அவன் எவ்வளவு நடுங்குகிறான் என்று காட்டும். ஒரு வட்டத்தின் நிறமாற்றத்துக்குள் போரைப் பற்றிய ஒரு முழு எண்ணத்தை வைத்துவிட்டார்கள். இலக்கியத்தில் இதைப் படிமம் என்போம்.

பிறகு உங்கள் ஆட்கள். பெயர் தெரியும். ஒருவன் ஓயாமல் பேசுவான், இன்னொருவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. "அந்த வேலிக்குப் போ" என்று நீங்கள் கை காட்டினால் போவார்கள். வேலி தவறான வேலியாக இருந்தால் சாவார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. உங்கள் தப்பால் செத்தவன் அடுத்த மிஷனில் உயிரோடு வந்து நிற்பான். கதையில் சாகவேண்டியவனை நீங்கள் தலைகீழாக நின்றாலும் காப்பாற்ற முடியாது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. குறைதான். ஆனால் ஐந்தாவது நாளில் ஒருவனை நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் இழக்கும்போது, அந்தக் குறை வேறு மாதிரி வலிக்கிறது. நடந்து முடிந்த போருக்குள் போயிருக்கிறீர்கள். பட்டியல் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு மூன்று வருடம் முன்னால் வந்த 'மெடல் ஆஃப் ஹானர்: அலைடு அசால்ட்' பற்றி எல்லாருக்கும் தெரியும். ஒமாஹா கடற்கரை மிஷன். ஸ்பீல்பெர்க் படத்தின் முதல் காட்சியை விளையாட்டாக மாற்றியது. மெடல் ஆஃப் ஹானர் வரிசையே அவர் யோசனையில் 1999-இல் ஆரம்பித்ததுதான். ஓக்லஹோமாவில் இதைச் செய்த நிறுவனத்திலிருந்து 22 பேர் வெளியேறிப் புது நிறுவனம் ஆரம்பித்து 2003-இல் கால் ஆஃப் டியூட்டியைச் செய்தார்கள். அதன் ஸ்டாலின்கிராட் மிஷன் இன்றும் பேசப்படுகிறது. வோல்கா நதியைக் கடந்து இறங்கினால் உங்கள் கையில் ஐந்து தோட்டா கொடுப்பார்கள், துப்பாக்கி கொடுக்க மாட்டார்கள். வரலாறாக அது கொஞ்சம் சினிமாத்தனம். 'எனிமி அட் தி கேட்ஸ்' படத்திலிருந்து அப்படியே எடுத்தது. ஆனால் சுடும் கேமில் துப்பாக்கி இல்லாமல் ஓடவிட்ட துணிச்சல் துணிச்சல்தான்.

இரண்டிலும் உயிர் ஒரு அளவுகோட்டில் இருக்கும். அடிபட்டால் குறையும். மருந்துப் பெட்டி கிடைத்தால்தான் ஏறும். 2005-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 2 இதை மாற்றியது. அடிபட்டால் திரை சிவக்கும். சுவருக்குப் பின்னால் போய்ச் சில விநாடி நின்றால் எல்லாம் சரியாகிவிடும். சின்ன மாற்றம்தான், வசதியான மாற்றம்தான். அதற்குப் பிறகு எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காயம் என்பது நினைவே இல்லாத ஒன்றாகிவிட்டது. ஐந்து நிமிடம் முன்பு செய்த தவறு உங்கள் உடம்பில் இல்லை. போர் கேம்கள் மெல்ல மெல்லப் பொய் சொல்ல ஆரம்பித்த இடம் இதுதான் என்பேன். கிராஃபிக்ஸ் ஏறிக்கொண்டே போக, உடம்பு காணாமல் போனது.

போகிற போக்கில் ஒன்று. அதே கால் ஆஃப் டியூட்டி 2-இல் எல் அலமெய்ன் போர் வருகிறது. இரண்டாம் உலகப்போரில் 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார்கள். எல் அலமெய்னில் 4-ஆவது இந்திய டிவிஷன் இருந்தது. கேமில் நான் தேடியவரை ஒரு இந்திய முகம் கண்ணில் படவில்லை. நார்மண்டிக்கு இருபது தடவை பாராசூட்டில் குதித்தாயிற்று. கோஹிமாவுக்கு ஒரு தடவை அழைத்துப்போக இந்தத் தொழிலில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

உடம்பில்லாத போரின் உச்சத்தை ஒரு கேம் பிடித்தது. 2007, 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்'. அதில் ஒரு மிஷன் முழுக்க நீங்கள் ஏசி-130 என்ற பீரங்கி விமானத்தில். கீழே பூமி கறுப்பு வெள்ளையில், வெப்பக் கேமராப் படமாக. மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகள். பொத்தானை அழுத்தினால் சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. சில விநாடி கழித்துப் புள்ளிகள் சிதறும். ரேடியோவில் உங்கள் ஆட்கள் ஏதோ தட்டச்சு வேலை பார்ப்பதுபோல அலுப்பாகப் பேசிக்கொள்வார்கள். தேவாலயத்தை மட்டும் சுடக்கூடாது, சுட்டால் மிஷன் தோல்வி. எந்த ஆபத்தும் உங்களுக்கு இல்லை. இந்த ஒரு மிஷனில் மட்டும் நீங்கள் சாகவே முடியாது. அதுதான் அதன் பயங்கரம்.

இதை என்னோடு உட்கார்ந்து விளையாடிய நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதில் குண்டுவீச்சுக்கு நடுவில் ஊரைவிட்டு வந்தவர். இப்போது டொரோண்டோவில் வேலை. துப்பாக்கிச் சண்டைகளை அலட்சியமாக விளையாடிக்கொண்டிருந்தவர் இந்த மிஷனில் பேச்சை நிறுத்திவிட்டார். முடிந்ததும், "உது மேல இருந்து பாக்கிறவன்ரை கண், மச்சான். நான் கீழ பங்கருக்குள்ள இருந்தனான்" என்றார். "ஒவ்வாவிட்டால் விட்டுவிடலாம்" என்றேன். "இல்லை, விடு. அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும் எண்டு இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று இன்னொரு முறை அதையே ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டார்.

போரைப் பார்க்காதவன்தான் போரை விளையாட முடியும் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. எல்லாருக்கும் அவர்போல இருக்கும் என்று சொல்லவில்லை. தொடவே மாட்டேன் என்பவர்களின் காரணத்துக்கு முன்னால் என் வாதம் எதுவும் நிற்காது. ஆனால் "விளையாட்டாகச் செய்ததால் கொச்சைப்படுத்திவிட்டார்கள்" என்று போர் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. அந்த வெள்ளைப் புள்ளிகளின் காட்சியைப் படமாகப் பார்த்தால் பார்வையாளர். பொத்தானை அழுத்தினால் கூட்டாளி. அந்த வித்தியாசத்தை வேறு எந்தக் கலையும் தர முடியாது.

அதே கேமில் அணுகுண்டு வெடித்து உங்கள் ஹெலிகாப்டர் விழுகிறது. அடுத்த மிஷன் உங்களை எழுப்புகிறது. தவழ்ந்து வெளியே வருகிறீர்கள். விளையாடுகிறவன் மனம் உடனே கேட்கும்: எங்கே போகணும், என்ன செய்யணும்? ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளாடுவீர்கள், செத்துவிடுவீர்கள். மிஷன் அவ்வளவுதான். இதைச் செய்த அதே வரிசைதான் பிறகு மெஸ்ஸிக்குத் துப்பாக்கி கொடுத்தது.

அந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு 2012-இல் பெர்லினிலிருந்து ஒரு பதில் வந்தது. யாகர் நிறுவனத்தின் 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்'. மணற்புயலில் புதைந்த துபாய். மூன்று அமெரிக்கச் சிப்பாய்கள். அதே மாதிரி மேலிருந்து பார்க்கும் திரை, அதே வெள்ளைப் புள்ளிகள், இந்த முறை வெள்ளைப் பாஸ்பரஸ். பிறகு கேம் உங்களைக் கீழே இறக்கி அந்தப் புள்ளிகளுக்கு நடுவே நடக்க வைக்கிறது. புத்தகம் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு கேம் மட்டும் தெரிந்திருக்கும். காரணம், அதில் கான்ராட் வாசனை அடிக்கிறது. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். வேறு வழியே கொடுக்காமல் ஒன்றைச் செய்யவைத்துவிட்டு, "பார், செய்துவிட்டாயே" என்று குற்றம் சாட்டுவது கொஞ்சம் மலிவான வேலை. அதே கான்ராட் வாசனை 2008-இல் வந்த 'ஃபார் க்ரை 2'-இல் கூச்சல் போடாமல் இருக்கிறது. பெயரில்லாத ஆப்பிரிக்க நாடு, வித்தியாசமே தெரியாத இரண்டு கோஷ்டிகள், நீங்கள் கூலிப்படை. உங்களுக்கு மலேரியா. துப்பாக்கி துருப்பிடித்துச் சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும். வரைபடம் ஒரு காகிதம், கையில் பிடித்துப் பார்க்கும்போது உலகம் உங்களுக்காக நிற்காது. உங்களைக் காப்பாற்ற வந்த நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். மார்ஃபின் ஊசியா, துப்பாக்கியா, அப்படியே விட்டுப் போவதா என்று நீங்கள் முடிவு செய்யவேண்டும். யாரும் பிரசங்கம் பண்ண மாட்டார்கள். சோதனைச்சாவடிகளில் செத்த ஆட்கள் திரும்பத் திரும்ப முளைப்பது மட்டும் உயிரை வாங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய எதிர்வாதம். இவையெல்லாம் அமெரிக்க ராணுவத்தின் விளம்பரம் இல்லையா? சிலது அப்பட்டமாக ஆமாம். 2002-இல் அமெரிக்க ராணுவமே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்று ஆள் சேர்க்க ஒரு இலவச கேம் விட்டது. மாடர்ன் வார்ஃபேரில் குண்டு விழுகிற அரபு நாட்டுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. நான் தலையில் தூக்கி வைத்தேனே, அந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட், அதன் தொழில்நுட்பத்திலிருந்துதான் ராணுவப் பயிற்சிக்கான மென்பொருள் பிறந்து அமெரிக்க மரைன் படைவரை போனது. சிப்பாயின் அச்சத்தை நேர்மையாகச் சொன்ன கேம், சிப்பாயைத் தயாரிக்கவும் உதவியது. இதை ஒளித்து வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் 2019-இல் வந்த புது 'மாடர்ன் வார்ஃபேர்'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதையில் 'மரண நெடுஞ்சாலை' என்று ஒன்று வருகிறது. ஒரு கற்பனை நாட்டில் ரஷ்யர்கள் குண்டு போட்டதாகச் சொல்கிறது. நிஜத்தில் அந்தப் பெயரைப் பெற்ற சாலை குவைத்திலிருந்து ஈராக் போவது. 1991 பிப்ரவரியில் குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை. பெயரை வைத்துக்கொண்டு கையை மாற்றிவிட்டார்கள். வந்த வாரமே உலகமெங்கும் பிடித்துக் கிழித்தார்கள். எப்படிக் கிழிக்க முடிந்தது? அது ஒரு வாக்கியம் சொன்னதால். கதை என்று ஒன்று இருந்தால் அதன் பொய்யைக் காட்டலாம், விவாதிக்கலாம், பத்து வருடம் கழித்தும் எடுத்துக் காட்டலாம். வார்ஸோனின் பொய்யை எப்படிக் காட்டுவது? அது எதையும் சொல்லவே இல்லையே. 150 பேர் குதிக்கிறார்கள், ஒருவரோ ஒரு அணியோ மிஞ்சுகிறது, மறுபடி குதிக்கிறார்கள். எதற்காகப் போர், யாருடைய ஊர், அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? காலியான வீடுகள் மட்டும் இருக்கும், உள்ளே துப்பாக்கி கிடக்கும். இதைவிடப் பெரிய பிரச்சாரம் எந்த ராணுவமும் எழுதியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

விளையாடலாம் என்று முடிவெடுத்தால் சீக்கிரம் செய்யுங்கள். 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்பு அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. ஸ்பெக் ஆப்ஸை 2024 ஜனவரியில் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். உரிம ஒப்பந்தங்கள் காலாவதி ஆகின்றனவாம். முன்பே வாங்கியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். புதிதாக வருகிறவருக்குக் கதவு மூடியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பதிப்பாளர் வற்புறுத்தலால் அந்தக் கேமுக்கு ஒரு மல்ட்டிபிளேயரை வேறொரு நிறுவனத்தை வைத்து ஒட்டவைத்தார்கள். கேமின் தலைமை வடிவமைப்பாளரே அதைப் பகிரங்கமாகத் திட்டினார். இன்று யாருக்கும் அந்த ஒட்டு ஞாபகம் இல்லை. கதை மட்டும் வாங்கியவர்களின் வட்டுகளில் மிச்சம்.

மற்றவை கிடைக்கின்றன. ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட் அந்தப் பெயரில் தேடினால் வராது. பெயர் உரிமை பழைய பதிப்பாளரிடம் போய்விட்டதால் 'ஆர்மா: கோல்ட் வார் அசால்ட்' என்ற பெயரில் இருக்கிறது, ரெசிஸ்டன்ஸும் சேர்த்து. பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ், அலைடு அசால்ட், ஃபார் க்ரை 2 மூன்றும் ஜிஓஜி தளத்தில் உண்டு. தள்ளுபடி நாட்களில் ஒரு பிரியாணி விலை. ஆபீஸ் லேப்டாப்பே போதும், தனி கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் வேண்டாம். அகலத் திரையில் படம் இழுபட்டுத் தெரிந்தால் 'பிசி கேமிங் விக்கி'-யில் ஒவ்வொரு கேமுக்கும் திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள், யாரோ சம்பளம் வாங்காத புண்ணியவான்கள். ஹெட்போன் கட்டாயம். கேமே விளையாடிப் பழக்கமில்லை என்றால் பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸில் ஆரம்பியுங்கள். முதல் ஒரு மணி நேரம் மவுஸ் கைக்கு அடங்காது. உங்கள் ஆட்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.